ரூம் இருக்கு, ஆனா உங்களுக்கு இல்லை!

பரீட்சை முடிந்தது. கம்பெனி அக்கவுண்ட்ஸ் பேப்பரில் கடைசி வரை டேலி ஆகாத பேலன்ஸ் ஷீட்டைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம், ப்ளீஸ் :-( இந்த முறை சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, மொக்கையும் இல்லை. கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன். படித்து முடித்தபின் உங்களுக்கும் கோபம் வரலாம். அது என் மேலேயே வந்தாலும் சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பன் ஒருவன். (பெயர், ஊர், காலேஜ் எதுவும் கேட்காதீர்கள். எழுதச் சொன்னதே அவன்தான்.) ஒருநாள் டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"மச்சி, ஜூன் கடைசியில சென்னையில பிரைடு பேரணி. நானும் அவனும் போறோம். நைட் தங்கணும். உங்க சித்தப்பா லாட்ஜ் வெச்சிருக்காரே, சென்னையில நம்மள மாதிரி ஆளுங்க பயப்படாம தங்கற எடம் எதனா தெரியுமா?"

'அவன்' என்றால் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். அவன் கேட்டதில் என்னைக் குத்தியது 'பயப்படாம' என்கிற ஒரு வார்த்தைதான். நாம் லாட்ஜ் தேடும்போது வாடகை எவ்வளவு, பாத்ரூம் சுத்தமா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமா என்று பார்ப்போம். பயப்படாமல் தங்கலாமா என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, தேடித் தருகிறேன் என்று நெட்டில் உட்கார்ந்தேன். 'கே-ஃபிரண்ட்லி' ஓட்டல்கள் என்று ஊருக்கு ஊர் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பாங்காக் என்றால் சீலோம் பகுதியில் சோய் 4 என்று ஒரு சந்து, அது முழுக்க பார்கள். தைபே என்றால் சீமென் பகுதியில் ரெட் ஹவுஸ் என்கிற பழைய கட்டடத்தைச் சுற்றித் திறந்தவெளிக் கடைகள். நம்ம ஆட்கள் வேலைக்குப் போகிற சிங்கப்பூரில் நீல் ரோடு. சும்மா இல்லை, பின்னால் சட்டமும் இருக்கிறது. தைவான் 2019-லேயே ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது, ஆசியாவில் முதல் இடம். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் அமலுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் திருமணம் வரை போகவில்லை, ஆனால் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022-ல் நாடாளுமன்றத்தில் ரத்து செய்தது.

இப்போது சென்னைக்கு வருவோம். எனக்குக் கிடைத்த பட்டியல்களில் இருந்தது எல்லாம் நட்சத்திர ஓட்டல்கள். ஒரு ராத்திரி வாடகையில் இங்கே வேங்கிக்காலில் ஒரு மாசத்துக்கு வீடே எடுத்துவிடலாம். நைட் லைஃப்? சென்னையில் பார் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலுக்குள்தான். அங்கே கூட்டம் சேரும் நாட்களில் வாசலிலேயே நிறுத்தி 'கப்பிள்ஸ் மட்டும், ஸ்டாக் கிடையாது' என்பார்கள். கப்பிள் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். என் நண்பனும் அவனுடைய ஆளும் எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தாலும் அந்த வாசலில் நிற்பவருக்கு அவர்கள் கப்பிள் இல்லை, இரண்டு ஸ்டாக்!

இங்கே ஒரு காமர்ஸ் மாணவனாக ஒரு கணக்கு சொல்கிறேன். ஓட்டல் ரூமுக்கு ஜிஎஸ்டி ஸ்லாப் தெரியுமா? ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். மரியாதைக்கும் நம் நாட்டில் கிட்டத்தட்ட அதே ஸ்லாப்தான். 18 சதவீத ரூமில் வரவேற்பில் வானவில் கொடி வைத்து, ஜூஸ் கொடுத்து, இரண்டு ஆண்களை 'வெல்கம் சார்' என்பார்கள். 5 சதவீத ரூமில் 'ரெண்டு பேரும் என்ன உறவு?' என்பார்கள். கீழ் ஸ்லாபில் இருக்கிறவன் காதலிக்கக்கூடாது போல.

அந்த 'என்ன உறவு?' என்கிற கேள்வி எனக்கு எப்படித் தெரியும்? நானே கேட்டிருக்கிறேன்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தெரியும், பௌர்ணமி என்றால் ஊரே கொள்ளாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். அன்றைக்கு லாட்ஜ்காரர்கள் சொல்வதுதான் வாடகை. அந்த மாதிரி நாட்களில் சித்தப்பாவுக்கு ஒத்தாசையாக நான் கவுண்ட்டரில் உட்காருவேன். லெட்ஜர் எழுதுவது, ஆதார் ஜெராக்ஸ் வாங்குவது, சாவி கொடுப்பது. பாக்கெட் மணியும் கிடைக்கும், தியரியில் படித்ததை நேரில் பார்த்த மாதிரியும் ஆகும்.

போன வருஷம் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். கூட்டம் முழுக்க வடிந்துவிட்டது. ராத்திரி பத்து மணி இருக்கும். இரண்டு பெண்கள் வந்தார்கள். முப்பது, முப்பத்தைந்து வயசு. ஒருவர் கிராப் வெட்டி, சட்டை போட்டிருந்தார். இரண்டு பேரும் ஆதாரை எடுத்து நீட்டினார்கள். நான் வழக்கம்போல, "என்ன உறவுங்க்கா?" என்றேன். ஒருவர் "ஃபிரண்ட்ஸ்" என்றார். அதே நேரத்தில் சட்டை போட்டவர் "பார்ட்னர்" என்றார்.

எனக்குப் பின்னால் சேரில் உட்கார்ந்திருந்த சித்தப்பா தொண்டையைச் செருமினார். எனக்குப் புரிந்தது.

"ரூம் ஃபுல்லுக்கா" என்றேன்.

எனக்குப் பின்னால் பலகையில் பதினோரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா சாவிகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். சண்டை போட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். அந்த 'பரவாயில்லப்பா' இன்னும் போகவில்லை.

அப்புறம் சித்தப்பாவிடம் கேட்டேன். "டேய், நாளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் வந்து என்னத்தான் கேப்பாங்க. கோயில் ஊருல லாட்ஜ் நடத்தறவன் பேரு கெட்டா அவ்ளோதான்" என்றார். சித்தப்பா கெட்ட மனுஷன் இல்லை. பஸ்ஸை விட்ட கிழவிக்கு வராண்டாவில் பாய் போட்டுக் கொடுத்து, காசு வாங்காமல் அனுப்பியவர். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இந்த அநியாயத்தைச் செய்ய வில்லன் தேவையில்லை. நல்ல மனுஷனும், அவர் அண்ணன் பையனும் போதும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நம்ம ஊரில் இரண்டு ஆண்கள் ஒரே ரூமில் தங்குவது சர்வ சாதாரணம். கிரிவலத்துக்கு வருகிறவர்கள், குரூப் எக்ஸாம் எழுத வருகிறவர்கள், மார்க்கெட்டிங் ஆட்கள் என்று எத்தனை பேர்! ஒரே கட்டிலில் படுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகோர்த்துக்கொண்டு வந்தாலும் எங்கள் கவுண்ட்டரில் உறவு கேட்டதில்லை, பாஸ்போர்ட், விசா கேட்பதோடு சரி. அப்படியானால் பிரச்சினை இரண்டு ஆண்கள் ஒரு ரூமில் இருப்பது இல்லை. அவர்கள் இன்னார் என்று நமக்குத் தெரிவதுதான் பிரச்சினை. வாயைத் திறக்காதவரை எல்லா லாட்ஜும் ஃபிரண்ட்லிதான்! அந்த அக்கா செய்த ஒரே தப்பு உண்மையைச் சொன்னது. திருநங்கைகள் பாடு இன்னும் மோசம். அவர்கள் வாயைத் திறக்கவே தேவையில்லை, படியேறும்போதே 'ரூம் ஃபுல்' ஆகிவிடும்.

இப்போது வழக்கமாக வரும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "இதெல்லாம் சட்டப்படி தப்பில்லையா?"

இல்லை சாமி, இல்லை. 377-ஆவது பிரிவை 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பழையபடி ஆக்கியது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, வயது வந்த இருவர் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றமில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. லாட்ஜ் விஷயத்துக்கே தனியாக ஒரு தீர்ப்பும் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியில் கல்யாணம் ஆகாத ஜோடி இருந்தது என்று காரணம் காட்டி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கல்யாணம் ஆகாத இருவர் ஓட்டல் ரூமில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சித்தப்பாக்கள் பயப்படுகிற ரெய்டுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

2. "போலீஸ் தொந்தரவு?"

இந்தப் பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கேயும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இரண்டு பெண்கள் போட்ட வழக்கில் விரிவான உத்தரவு போட்டார். இந்த விஷயத்தில் தனக்கே இருந்த முன்முடிவுகளை உடைக்க ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பேசிக் கற்றுக்கொண்ட நீதிபதி அவர். (ஒரு ஹைகோர்ட் ஜட்ஜே எனக்குத் தெரியாது என்று கற்றுக்கொள்ளப் போகிறார், நமக்கு என்ன கௌரவம்?) அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக இவர்களை எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக்கூடாது. இந்தியாவில் வேறு பல மாநிலங்களுக்கு நாம் முன்னோடி. ஆனால் அந்த விதி எங்கள் கவுண்ட்டர் வரை வந்து சேரவில்லை.

3. "கல்யாண சர்டிபிகேட் காட்டினால் ரூம் தருகிறோமே!"

அடடா, என்ன தாராளம்! 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆக, ஆண்-பெண் ஜோடியிடம் சர்டிபிகேட் கேட்டால் இன்று இல்லாவிட்டாலும் நாளை அவர்கள் காட்ட முடியும். என் நண்பனிடம் கேட்டால்? இந்த நாட்டில் யாரும் கொடுக்காத ஒரு பேப்பரைக் கொண்டுவா என்பது கேள்வி இல்லை. கதவைச் சாத்துவதை மரியாதையாகச் சொல்வது, அவ்வளவுதான். அதே சமயம் நம்ம பக்கத்து மாவட்டமான வேலூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கையும் பாருங்கள். 25 வயசுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று அவருடைய தோழி போட்ட ஆட்கொணர்வு மனு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை அவர் இஷ்டப்படி போக அனுமதித்தது. குடும்பம் ஆவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்று ஒன்று உண்டு என்றும் சொன்னது. கோர்ட்டே குடும்பம் என்று ஒத்துக்கொண்டவர்களை லாட்ஜ் கவுண்ட்டர் ஒத்துக்கொள்ளாதா?

4. "என் கடை, என் இஷ்டம். ரைட்ஸ் ஆஃப் அட்மிஷன் ரிசர்வ்டு."

இந்தப் போர்டைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவைப் படியுங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடை, உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கு இடங்களுக்குள் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது. ஓட்டல் என்கிற வார்த்தையே அதில் இருக்கிறது! ஏன்? யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்கிற வேலையை ஓட்டல் வாசலில்தான் காலம் காலமாகச் செய்து வந்தார்கள். பாலீர்ப்பைக் காரணம் காட்டும் பாகுபாடும் 'பால்' அடிப்படையிலான பாகுபாடுதான் என்கிற விளக்கம் 2018 தீர்ப்பில் இருக்கிறது. திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019-ல் வந்த தனிச் சட்டமே பொதுச் சேவைகளில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு மட்டும் அப்படி வெளிப்படையாக ஒரு சட்டம் இல்லை. அந்த ஓட்டைதான் 'ரூம் ஃபுல்' என்று பேசுகிறது.

ஓட்டல் போர்டுக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ்நாட்டில் பிறந்தவன் கேட்கக்கூடாது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், கடைசியில் வார்த்தை போனது. ஒரு போர்டுக்கு இவ்வளவா என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். நாம் இன்று போர்டே இல்லாமல், ஒரு செருமலிலேயே ஆளை வெளியே அனுப்புகிறோம்.

5. "சந்தை பார்த்துக்கொள்ளும். அவர்களிடம் காசு இருக்கிறது, ஓட்டல்கள் தானாக மாறும்."

இது எங்கள் கிளாஸ் ஆட்களுக்குப் பிடித்த வாதம். பாதி உண்மை. லலித் ஓட்டல் குழுமத்தின் கேசவ் சூரி 377 வழக்கில் மனு போட்டவர்களில் ஒருவர். டெல்லியில் அவர்களுடைய 'கிட்டி சூ' கிளப்பில் டிராக் கலைஞர்களுக்கு மேடை கொடுத்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சந்தையின் மறுபக்கம் பாருங்கள். 'கப்பிள் ஃபிரண்ட்லி' என்று சொல்லியே ஆள் பிடித்த ஓயோ, 2025 ஜனவரியில் மீரட்டில் விதியை மாற்றியது. ஜோடியாக வருகிறவர்கள் உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும், கல்யாணம் ஆகாதவர்களை ஓட்டல்காரர் மறுக்கலாம். இத்தனைக்கும் எந்தச் சட்டமும் மாறவில்லை. ஒரு கம்பெனி முடிவு, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான் மக்களே. 'ஃபிரண்ட்லி' என்பது கடைக்காரர் கொடுக்கிற தள்ளுபடி. ஆடி மாசம் கொடுப்பார், ஆவணியில் நிறுத்திவிடுவார். தள்ளுபடியை நம்பி யாரும் வாழ முடியாது. என் நண்பனுக்கு லாட்ஜ்காரர் ஃபிரண்டாக இருக்கத் தேவையில்லை. அவனைப் பிடிக்கக்கூட வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு, ரசீது போட்டு, சாவியைக் கொடுத்தால் போதும். எனக்கு அப்படித்தானே கொடுக்கிறார்கள்? என்னை எந்த லாட்ஜ்காரரும் காதலித்துவிட்டு ரூம் கொடுத்ததில்லை :-)

6. "இது கோயில் ஊர்!"

இதற்காகத்தான் காத்திருந்தேன். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம கோயிலில் என்ன நடக்கிறது? அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிறார். வருஷத்தில் அந்த ஒருநாள், அதுவும் சில நிமிஷம். பாதி ஆண், பாதி பெண். அவர் ஆடி வருகிற அந்த நேரத்தில் மலை மேல் தீபம் ஏற்றுகிறார்கள், லட்சக்கணக்கானோர் அரோகரா என்று கும்பிடுகிறோம். சித்தப்பாவும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அர்த்தநாரீஸ்வரருக்கும் தன்பாலீர்ப்புக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது என்று நான் புராணம் அளக்கவில்லை. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று நாம் போட்டு வைத்த கோட்டை நம்ம சாமியே தாண்டி நிற்கும்போது, அந்தச் சாமி பெயரைச் சொல்லி ஒருத்தரை ராத்திரி பத்து மணிக்கு ரோட்டுக்கு அனுப்பாதீர்கள் என்கிறேன்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எல்லாம் கேட்கவில்லை. கவுண்ட்டரில் மூன்று விஷயம் போதும். வயது 18 ஆச்சா, ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை இருக்கா, வாடகை கட்டியாச்சா. நாலாவது கேள்வி கிடையாது. 2024-ல் நம்ம ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. லாட்ஜுக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது இதை ஒரு வரி நிபந்தனையாகச் சேர்க்க எத்தனை ரூபாய் செலவாகும்? இதே வரி சென்னைக்கும் வந்தால், பட்டியல் தேடி நட்சத்திர ஓட்டல் வரை யாரும் போகத் தேவையில்லை. எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இருக்கிற எல்லா மேன்ஷனும் லாட்ஜும் பட்டியலில்தான்.

நண்பன் கதை? 2009 முதல் சென்னையில் பேரணி நடக்கிறது. இவனும் அவனும் போனார்கள், நடந்தார்கள், ஆடினார்கள். பட்டியலில் இருந்த ஓட்டலுக்குக் காசு இல்லை. சாதா லாட்ஜில் பொய் சொல்ல, அன்றைக்கு மட்டுமாவது மனசு வரவில்லையாம். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். பகல் முழுக்க நடுரோட்டில் கொடி பிடித்தவர்களுக்கு ராத்திரி படுக்க ஒரு ரூம் இல்லை.

சித்தப்பாவிடம் மறுபடியும் பேசினேன். தீர்ப்பை எல்லாம் எடுத்துச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "நீ ஓனர் ஆனப்புறம் பாத்துக்கடா" என்றார். "நான் கவுண்ட்டர்ல இருக்கற நேரத்துக்கு மட்டும் நான் சொல்றபடி விடுங்க" என்றேன். பதில் சொல்லவில்லை. வேணாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு உட்காரப் போகிறேன். லெட்ஜரில் 'உறவு' என்று ஒரு காலம் இருக்கிறது. அதை நிரப்பப் போவதில்லை.

அந்த இரண்டு அக்காக்களும் இதைப் படிக்க வாய்ப்பில்லை. ஒருவேளை படித்தால்: அன்றைக்குப் பதினோரு ரூம் காலியாக இருந்ததுக்கா. மன்னிச்சிடுங்க.

டிஸ்கி: "அப்போ நீயும் அந்த மாதிரியா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அது நாலாவது கேள்வி. மேலே படிக்கவும்.